மனச்சோர்வுக்குக் குடி மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"மனசு சரியில்ல, அதான் ரெண்டு ரவுண்டு" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எங்கள் பெரம்பூர் தெருவில் வேலை போன ஒரு தம்பி, பகலெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடப்பான், ராத்திரி பதினோரு மணிக்குக் கடை பரோட்டா, அப்புறம் பாட்டில், அதுவும் போதாமல் சட்டைப் பையில் பாதி கிழிந்த தூக்க மாத்திரை அட்டை. வீட்டில் கேட்டால் "தூங்கவாவது செய்யறானே" என்கிறார்கள்! மது முதலில் தூக்கத்தை வரவழைக்கும், சரி, ஆனால் நடுராத்திரியில் அதைக் கலைத்துவிடும், மறுநாள் பதற்றமும் சோர்வும் இன்னும் கூடும். மதுவோடு தூக்க மாத்திரை சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம், இதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. கல்லீரல், சர்க்கரை, பிரஷர் எல்லாம் மெதுவாகப் பின்னால் வரும்.

மருந்துச் சீட்டு இல்லாமல் இந்த மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதிகாரிகள் மெடிக்கல் ஷாப்களில் போய்ப் பார்க்க வேண்டும்.

கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் போனால் பைத்தியம் என்று பேர் வந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள், 14416க்கு போன் செய்யலாம். 2022 முதல் இருக்கும் அரசு உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். தயவுசெய்து அந்த எண்ணை உங்கள் நாளிதழில் தினமும் ஒரு மூலையில் போடுங்கள்.

– ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை