2024–25 ஆண்டறிக்கை: குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் சமர்ப்பிப்பது

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஒன்பது முறை கூடியது. இரண்டு கொடியேற்றமும் பொங்கல் கோலப்போட்டியும் நல்லபடியாக நடந்தன. கொசு மருந்து இரண்டு முறை அடிக்கப்பட்டது. வாய்க்கால் மனு மாநகராட்சியில் நிலுவையில் உள்ளது.

ஜூலையில் முதல் தெரு முனை சூப்பர் மார்க்கெட் மூடியதைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு மாதமாகவே சரக்கு குறைந்து, ஒரே பிஸ்கட் பாக்கெட்டை வரிசையாக அடுக்கி அலமாரியை நிரப்பியிருந்தார்கள். நாம் எல்லோரும் பார்த்தோம், யாரும் கேட்கவில்லை. அந்தக் கடை வந்த ஒரு வருடத்துக்குள் நம் காலனியின் இரண்டு மளிகைக் கடைகளும் மூடிவிட்டன. நோட்டில் எழுதிவைத்து மாதக் கடைசியில் பணம் வாங்கிக்கொண்ட அண்ணாச்சி ஊருக்கே போய்விட்டார். அதனால் இதுவும் போனபோது, அவசரத்துக்கு ஓட நமக்கு வேறு கடையில்லை.

சாமான் மட்டும் போகவில்லை. கடை விளக்கை நம்பித்தான் அந்த முனை வெளிச்சமாக இருந்தது. இப்போது ஏழு மணிக்கு மேல் பெண்கள் அந்த வழியாக வருவதில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டார். பக்கத்து ஜெராக்ஸ் கடையும் ஷட்டரை இறக்கிவிட்டது. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது, சரி. ஆனால் அது மாதத்துக்கு ஒரு தடவைதான். 1999இல் முதன்முதலாகத் திறந்த உழவர் சந்தை நம் மதுரை அண்ணா நகரில்தான் இருக்கிறது. ஆனால் அது காலையோடு முடிந்துவிடும், முழங்கால் வலிக்காரர்கள் பை தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாற முடியுமா?

ஆகவே செப்டம்பர் முதல் கூட்டுக் கொள்முதல் தொடங்கினோம். 25ஆம் தேதிக்குள் வீடு வீடாகப் பட்டியல் வாங்கி, கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் எடுத்து, குட்டி யானையில் ஏற்றிச் சங்க அறையில் இறக்குகிறோம். மூட்டைத் தையலைச் சரியான முனையில் பிடித்து இழுத்தால் மொத்தமும் ஒரே இழுப்பில் பிரிந்து வந்துவிடும். தவறான முனையை இழுத்தால் கத்திரிக்கோல்தான். முதல் மாதம் ஆறு மூட்டையையும் வெட்டித்தான் பிரித்தேன். கால் கிலோ உளுந்து போதும் என்ற மூன்றாம் தெரு ஆச்சிக்கும் நிறுத்துக் கொடுத்தோம். "சாமான் வீடு தேடி வருதுப்பா, ஆனா நாலு பேரைப் பார்க்க முடியலையே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்கிறேன். பட்டியல் கொடுத்துவிட்டுச் சாமானை வாங்க வராதவர்கள் உண்டு. டிசம்பரில் அப்படி மிஞ்சிய பருப்பை என் வீட்டில் வைத்து ஒரு மாதம் விற்றேன். போனில் ஆர்டர் போட்டால் வந்துவிடும் என்று சொல்லும் உறுப்பினர்கள், போன் பார்க்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர்களையும் நினைக்க வேண்டும். மூன்று கூட்டங்களுக்கு, கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்களே (கோரம்) வரவில்லை.

சந்தாவும் இதனால்தான் குறைந்தது. முன்பெல்லாம் 5ஆம் தேதி மாலை கடை வாசலில் ரசீது புத்தகத்தோடு நின்றால் பாதிப் பேர் கட்டிவிடுவார்கள். இப்போது கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. கால்வாசி வீடுகள் ஆறு மாதத்துக்கு மேல் பாக்கி. பெயர்ப் பட்டியலை இங்கே வாசிக்க எனக்கு விருப்பமில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக உள்ளன. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. விவரம் பொருளாளரிடம் பார்க்கலாம். கொள்முதலில் சங்கத்துக்கு லாபமோ நஷ்டமோ இல்லை, வண்டி வாடகை மட்டும் சில மாதம் கையிலிருந்து போனது.

வண்டி ஓட்டுநருக்கும், மூட்டை இறக்கிய கல்லூரி மாணவர்களுக்கும், தராசு கொடுத்த உறுப்பினருக்கும், தலைவர் அவர்களுக்கும் நன்றி.

மூடிய கடையின் கட்டட உரிமையாளரிடம் பேசினேன். முன்பக்கத்தில் ஒரு பகுதியைச் சிறு மளிகைக்குக் குறைந்த வாடகையில் தர அவர் இசைகிறார், ஆனால் முன்பணம் கேட்கிறார். நம் காலனி முழுவதும் சந்தா பாக்கியைத் தீர்த்தாலே அதில் பெரும்பங்கு சேர்ந்துவிடும். பொறுப்பில் நான் தொடர்வதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். யார் வந்தாலும் மாதக் கடைசி ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கீழமாசி வீதிக்கு வண்டியில் துணைக்கு ஒருவர் வேண்டும். இதுவரை நான் தனியாகத்தான் போய் வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்