வீட்டில் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் இதழில் வாசகர்கள் எழுதும் குடும்பக் கதைகளையும் ஊர்க்கதைகளையும் ஒன்று விடாமல் படிக்கிறேன். எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அனுப்புவதற்கு முன் வீட்டில் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

மன்னார்குடிப் பக்கம், பாமணி ஆற்றுப் பாசனத்தில் இருக்கிறது எங்கள் ஊர். போன வருஷம் அப்பாவைப் பற்றி எழுதினேன். ரேடியோவில் மேட்டூர் நீர்மட்டம் சொல்லும்போது வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. 2012 தொடங்கி 2019 வரை ஒரு வருஷம்கூட, பாசனத்துக்கு வழக்கமாகத் தண்ணீர் விடும் ஜூன் 12-இல் அணை திறக்கவில்லை. அப்போதும் அப்பா விடாமல் கேட்டார். 2020-இல் அந்தத் தேதியில் தண்ணீர் விட்டபோது அவர் இல்லை. இதோடு மாந்தோப்பு, வைக்கோல் போர், பாட்டி பிழிந்த வடாம் எல்லாவற்றையும் சேர்த்து எழுதி அத்தைக்கு வாசித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, என் கல்யாணத்துக்கு வித்த மூணு மாவைக் காணோமே?" என்றார். மூன்று மா என்றால் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். அப்படி ஒரு நிலம் இருந்ததே எனக்குத் தெரியாது.

அப்புறம், எங்கள் வயலில் முப்பது வருஷம் நடவு நட்ட ஒருவரைப் போய்ப் பார்த்தேன். எழுபதைத் தாண்டிவிட்டார். சின்ன வயதில் நாங்கள் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டோம், அதுவே எனக்கு அன்றுதான் உறைத்தது. பெண்கள் சந்தோஷமாகப் பாடிக்கொண்டே நட்டார்கள் என்று எழுதியிருந்தேன். "பொழுதன்னைக்கும் குனிஞ்சே நின்னா இடுப்பு கழண்டு போவும்மா. வலி தெரியாம இருக்கத்தான் பாட்டு" என்றார். கூலியாக அளந்த நெல்லில் எவ்வளவு பதர் கிடந்தது என்பதையும் சொன்னார். அளந்தது எங்கள் வீட்டு மரக்கால். தலை நிமிர்ந்து அவரைப் பார்க்க முடியவில்லை. அதையும் எழுதிக்கொண்டேன், அவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

பச்சைப் பசேல் வயல் என்று எல்லோரும் எழுதுகிறோம், நானும் எழுதினேன். நட்டவரையும் விற்றவரையும் விட்டுவிட்டு அந்தப் பச்சையை மட்டும் எழுத இனி எனக்கு மனம் வராது.

இப்போது மூன்றாவது முறையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அத்தை நேற்று இன்னொன்று சொன்னார். அந்த மூன்று மாவைக் கிரயம் செய்தது ஆவணியில். வயலில் குறுவை கதிர் வாங்கி நின்றதாம். முகூர்த்தம் நெருங்கிவிட்டதால் அறுப்பு வரை பொறுக்க முடியாமல், நின்ற பயிரோடு கொடுத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி