சம்பளச் சீட்டை ஒன்பதாம் வகுப்பிலேயே காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கான பாடங்களைத் தேர்ந்தெடுத்துப் படிவம் கொடுக்கும் நேரம் நெருங்குகிறது. நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். அந்தப் படிவத்தில் போட்ட கையெழுத்து பத்து வருஷம் கழித்து ஒரு வீட்டின் வரவு செலவில் எப்படித் தெரிகிறது என்பதைத் தினமும் பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

மேத்ஸா, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டா (மேத்தமேட்டிக்கல் லிட்டரசி) என்பதைப் பதினான்கு, பதினைந்து வயதில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மேத்ஸ் லிட் சுலபம், மார்க் கூடும், கூட்டாளிகள் எல்லாரும் அதில்தான் என்று சேர்ந்துவிடுகிறார்கள், ஆனால் இன்ஜினியரிங், மருத்துவம், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் படிப்பு எல்லாவற்றுக்கும் அத்தோடு கதவு சாத்தியாகிவிட்டது என்பது பலருக்கு மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்து விண்ணப்பம் போடும்போதுதான் உறைக்கிறது. மேத்ஸ் லிட் மட்டமான பாடம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்து எடுத்தால் சரி.

அப்புறம் பணம். 20,000 ரேண்டுக்கு வேலை கிடைத்தால் மாதம் 20,000 கையில் வரும் என்றே நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். 2025-26 வரி விகிதப்படி அதில் வருமான வரி சுமார் 2,180 ரேண்ட், வேலையிழப்புக் காப்பீட்டு நிதியான யு.ஐ.எஃப்-க்கு 177. பென்ஷன், மெடிக்கல் எய்டு எதுவும் பிடிக்காத வேலையிலேயே கைக்கு வருவது 17,640 சொச்சம்தான். முதல் சம்பளச் சீட்டோடு என்னிடம் வந்து, கம்பெனி ஏமாற்றிவிட்டதா என்று கேட்டவர்கள் உண்டு. அதற்குள் காரும் வாங்கியிருப்பார்கள். 300,000 ரேண்ட் காரை 12 சதவீத வட்டியில் ஆறு வருஷத் தவணைக்கு எடுத்தால் மாதம் 5,865, கட்டி முடிக்கும்போது 422,000-க்கு மேல் போயிருக்கும். இன்சூரன்ஸ், பெட்ரோல் தனி. தவணை குறைவாகத் தெரிய வேண்டும் என்று ஒரு பெரிய தொகையைக் கடைசிக்குத் தள்ளி 'பலூன்' போட்டுக் கொடுப்பதும் நடக்கிறது, அது என்ன என்று கேட்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள்.

படிப்புச் செலவும் இதே கணக்கில் வர வேண்டும். என்.எஸ்.எஃப்.ஏ.எஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவிக்கு வீட்டு வருமானம் ஆண்டுக்கு 350,000 ரேண்டுக்குள் இருக்க வேண்டும். அப்பா, அம்மா இரண்டு பேரும் சுமாரான வேலையில் இருந்தாலே அது தாண்டிவிடும், ஆனால் கட்டணத்தை முழுசாகக் கட்டவும் முடியாது. கடைசியில் வங்கிக் கடன்தான். வேலையில் சேரும் முதல் நாளே பிள்ளை கடனாளி.

டாக்டர் ஆகட்டும் என்று ஆசைப்படும் பெற்றோர், பெரும்பாலும் ஆறு வருஷப் படிப்பு, இரண்டு வருஷம் இன்டர்ன், ஒரு வருஷம் அரசு அனுப்பும் ஊரில் சமூகச் சேவை என்பதையும் சேர்த்தே பிள்ளையிடம் சொல்ல வேண்டும். நர்ஸ் என்றால் இரவு ஷிஃப்ட், ஹோட்டல் வேலை என்றால் தீபாவளியன்றும் டியூட்டி. எலக்ட்ரீஷியன் வேலையை நம் வீடுகளில் இன்னும் குறைவாகவே நினைக்கிறார்கள். பயிற்சிக் காலத்திலேயே அவனுக்குச் சம்பளம் உண்டு. டிரேட் டெஸ்ட் என்ற தொழில் தேர்வைப் பாஸ் செய்து பதிவும் வாங்கிவிட்டால் வீடு விற்கிறவர்கள்கூட மின்சாரச் சான்றிதழுக்கு அவனைத்தான் தேடி வர வேண்டும். நிறவெறிச் சட்டங்கள் பல வேலைகளை வெள்ளையர்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்த காலத்தில் வளர்ந்த பெற்றோருக்கு, பிள்ளை கோட்டு போட்டு ஆபீஸ் போக வேண்டும் என்ற ஆசை இருப்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனாலும் பிள்ளைக்கு முழுக் கணக்கையும் காட்டாமல் அந்த ஆசையை மட்டும் கொடுப்பது நியாயமில்லை.

பள்ளியில் லைஃப் ஓரியண்டேஷன் என்ற வாழ்க்கை வழிகாட்டி வகுப்பு இருக்கிறது, அதில் வேலைகளைப் பற்றியும் பேசுகிறார்கள். ஒரு உண்மையான சம்பளச் சீட்டையும், வாடகை, மளிகை, கரண்ட் பில், வீட்டுக்குக் கொடுக்கும் பணம் எல்லாம் எழுதிய ஒரு மாதக் கணக்கையும் மேசையில் வைத்துப் பேச வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. டர்பனில் நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கோயில்களில் தமிழ் வகுப்பு நடத்துகிறவர்கள் படிவம் கொடுக்கும் முன் ஒரு மாலை இதற்கு ஒதுக்கலாம். பெற்றோரும் கூட உட்கார வேண்டும்.

உங்கள் பத்திரிகையிலும் வாரம் ஒரு தொழில் என்று எடுத்து, பெயர் போடாமல், அந்த வேலையில் இருப்பவரின் ஒரு மாத வரவு செலவை அச்சிடுங்கள். முதல் வாரத்துக்கு என் கணக்கையே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
டர்பன் வாசகர் ஒருவர்