இருநூற்றுப் பத்தில் ஒன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கருங்கல் பக்கம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புத் தோல் எடுக்கப் போகிறவள். என் மகளுக்கு இது தலைப்பிரசவம். 12-ஆம் வாரம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், கையோடு 'டபுள் மார்க்கர்' என்று ரத்தமும் எடுத்தார்கள். எதற்கென்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சர்க்கரை பார்ப்பது மாதிரி ஒன்று என்று நினைத்துக்கொண்டோம். பக்கத்தில் இருந்த பெண்ணோ, ஆணா பெண்ணா என்று பார்க்கத்தான் என்றாள். அப்படிப் பார்த்துச் சொல்வது 1994 சட்டப்படி குற்றம் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ரிப்போர்ட் வியாழக்கிழமை வந்தது. முழுக்க ஆங்கிலம். 'ஹை ரிஸ்க்' என்று சிவப்பில், பக்கத்தில் 1:210. டாக்டர் திங்கள்கிழமைதான் வருவார் என்று சொல்லி கவுண்டரில் கவரை நீட்டிவிட்டார்கள். நாலு ராத்திரி. மகளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவர் கதிர்வீச்சு உள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரை மண்ணைக் குற்றம் சொன்னார், சம்பந்தியம்மா கிரகணத்தைச் சொன்னார்.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். அந்த ரத்தம் எடுத்தது, வயிற்றுப் பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் பார்க்கவாம். டவுன் சின்ட்ரோம் என்பது 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது; பிள்ளையின் வளர்ச்சியும் படிப்பும் அதனால் மெதுவாகும். இந்தப் பரிசோதனை அது இருக்கிறது என்று சொல்வதில்லை. இதே கணக்கு வந்த 210 பேரில் ஒருவருக்கு இருக்கலாம், அவ்வளவுதான். 'லோ ரிஸ்க்' வந்தாலும் அறவே இல்லை என்று அர்த்தமில்லையாம். உறுதியாகத் தெரிய பனிக்குட நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், அதில் கரு கலையும் ஆபத்து கொஞ்சம் உண்டு, வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம் என்றார். இஷ்டம் என்று ஒன்று உண்டு என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்! ரத்தம் எடுக்கும் முன்னாலேயே அதைக் கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து சுளகில் 210 பருப்பை எண்ணிப் போட்டேன். ஒன்றில் மட்டும் மை தொட்டு வைத்து மகளிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சோறு கேட்டாள்.

எங்கள் நர்சம்மா சத்து மாத்திரை பற்றி வீடு வந்து தமிழில் சொல்கிறார். இதையும் அவர்களைக் கொண்டே முதல் மூன்று மாதத்துக்குள் சொல்ல வைக்கலாம். ஆஸ்பத்திரிக்காரர்கள் ரிப்போர்ட்டோடு தமிழில் அரைப்பக்கம் வைக்கட்டும். விளக்கிச் சொல்ல ஆள் இருக்கிற நாளில் கவரைக் கொடுக்கட்டும்.

மகள் என்ன முடிவு எடுத்தாள் என்பது அவள் காரியம், அதை நான் எழுதவில்லை.

ஒரு வாசகி,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.