தோட்டச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கூடவே மண் சுமந்த நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. விதைப் பரிமாற்றம் இரண்டு முறை நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனவே நான் நேராகப் பூங்கா ஓரத்து ஆறு மேட்டுப்பாத்திகளுக்கு வந்துவிடுகிறேன். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி அங்கேதான் போனது.

கோவையில் நம் பக்கம் கரிசல் மண். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், ஐப்பசி மழையில் சேறாகி வேரை அழுகச் செய்யும். அதனால்தான் தரைக்கு மேல் ஓர் அடி உயரத்துக்குப் பாத்தி கட்டினோம். ஒவ்வொன்றும் எட்டடி நீளம், நான்கடி அகலம். அகலம் நான்கடியைத் தாண்டாததால் இரண்டு பக்கமும் நின்று கை எட்டக் களை எடுக்க முடிகிறது. உள்ளே ஏறி மிதித்து மண்ணை இறுக்க வேண்டியதில்லை.

ஆடிப்பட்டத்துக்குள் விதைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் செம்மண், எரு, தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கொட்டிக் கலந்தோம். நார்க்கழிவு பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்தது. வந்த கோலத்திலேயே, கழுவாமல், மக்க வைக்காமல் போட்டோம். அந்த முடிவு செயற்குழுவுடையது, முன்மொழிந்தவன் நான். கத்தரியும் தக்காளியும் மஞ்சளடித்து நின்றன. கீரை முளைத்த உயரத்திலேயே நின்றுவிட்டது. விதை சரியில்லை என்றோம், பஞ்சகவ்யம் தெளித்தோம், ஒன்றும் நடக்கவில்லை. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்த பிறகுதான் உப்பு மிகுதி என்று தெரிந்தது.

இதை உறுப்பினர்கள் எல்லோரும் மனத்தில் வைக்க வேண்டும். நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் தேங்கியிருக்கும், அது வேரைச் சுடும். இன்னொன்று, பச்சை நார்க்கழிவில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் 112 பங்கு. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும், செடிக்கு மிச்சம் இருக்காது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறைப்படி சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் இட்டு மக்க வைத்தால் அந்த 112 பங்கு 24 அளவுக்கு இறங்கிவிடும். அதற்கு நேரமில்லாவிட்டால், கோகோபீட் கட்டியை, அதாவது அழுத்திக் கட்டியாக்கிய நார்க்கழிவை, ஊறவைத்துப் பிழிந்து மூன்று தண்ணீராவது மாற்ற வேண்டும். முதல் தண்ணீர் டிக்காஷன் நிறத்தில் வரும். நிறம் வெளிறும் வரை விடாதீர்கள்.

புரட்டாசியில் ஆறு பாத்திகளையும் தோண்டி வெளியே எடுத்தோம். எல்லாவற்றையும் தார்ப்பாயில் பரப்பி, தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி வடித்தோம். பழைய கலவையை ஓர் ஓரமாக மக்கப் போட்டுவிட்டு, புதுச் செம்மண் வாங்கினோம். ஒரு பாத்திக்கு 32 கன அடி, ஆறுக்கு 192. அதில் பாதி மண் என்றால் 96 கன அடி. லாரிக்காரர்கள் 100 கன அடியை ஒரு யூனிட் என்பார்கள், ஆகவே ஒரு யூனிட் சரியாகப் போதும். வந்த மண்ணில் செங்கல் துண்டும் ஜல்லியும் நிறைய இருந்தன. சலித்த இரண்டு நாளும் இடுப்பு ஒடிந்தது.

அப்புறம் கலவை. சாந்துச் சட்டியை அளவாக வைத்தோம்: மண் நான்கு சட்டி, நன்றாக மக்கிய தொழுவுரம் இரண்டு, மண்புழு உரம் ஒன்று, கழுவிய நார்க்கழிவு ஒன்று. பாத்திக்கு ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு. தொழுவுரத்தில், வேரழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி தூவி, ஈரச் சாக்கு மூடி, நிழலில் வைத்திருந்து பிறகு சேர்த்தோம். மக்காத சாணத்தை வாங்கவே இல்லை. அது சூடேறும், வண்டுப் புழுவும் கூடவே வரும்.

கலவை பதமாக வந்ததா என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் நம் மூத்த உறுப்பினர், நாம் எல்லோரும் பாட்டி என்றே அழைப்பவர். "கையில புடிச்சா புடிகொழுக்கட்டையா நிக்கணும், விரலால தட்டினா உதிரணும்" என்றார். நிற்காவிட்டால் மணல் அதிகம், உதிராவிட்டால் களி அதிகம். நான்காம் பாத்தி உதிரவில்லை. கூடுதலாகக் கொஞ்சம் நார்க்கழிவு சேர்த்த பின் சரியாயிற்று.

கலந்த அன்றே விதைக்கவில்லை. தினம் தண்ணீர் தெளித்து, பதினைந்து நாள் மூடாக்குப் போட்டு ஆறவிட்டோம். பொறுமையிழந்த உறுப்பினர்கள் என்னைத் தொலைபேசியில் விரட்டியது நினைவிருக்கும். ஐப்பசியில் அடை மழை பெய்து விட்ட மறுநாள், பக்கத்துத் தரையில் கணுக்கால் சேறு, பாத்தியில் தண்ணீர் நிற்கவே இல்லை. தையில் கத்தரி, வெண்டை, அவரை என எல்லா வீட்டுக்கும் பை நிறையப் போனது. அவரையை இவ்வளவு பிஞ்சாகப் பறித்துச் சமைத்தது பல ஆண்டுகளுக்குப் பிறகு என்று நம் உறுப்பினர்கள் சொன்னபோது, மண் சலித்த களைப்பு போய்விட்டது.

மாடியில் இதே அளவில் பாத்தி கட்டலாமா என்று பலரும் கேட்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஈர மண் கன அடிக்கு 45 கிலோ வரை கனக்கும், ஒரு பாத்தி ஒன்றரை டன்னை நெருங்கும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு கட்டடச் சுமைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பாரத்தைத்தான் கணக்கில் கொள்கிறது. பாத்தி பிடிக்கும் இடம் மூன்று சதுர மீட்டர், அதற்கு 450 கிலோதான் கணக்கு. மாடிக்கு நார்க்கழிவு கூடிய கலவையில் பைகளே போதும், அதுவும் பொறியாளரைக் கேட்ட பிறகு.

எரு மக்க மக்க ஆறு பாத்திகளும் நான்கு விரல் அளவு இறங்கியிருக்கின்றன. ஓரமாகப் போட்ட பழைய கலவை இப்போது கறுத்து உதிரியாகிவிட்டது. அதைச் சலித்து, மண்புழு உரம் சேர்த்து மேலே நிரப்பலாம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. ஆனி முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். சல்லடை இரண்டுதான் இருக்கிறது, வீட்டில் உள்ளவர்கள் கொண்டுவரவும்.

செயலாளர்