புல்தரை 1,200 சதுர அடி. பில் மட்டும் நான்கு சென்ட்டுக்கு

அனுப்புநர்:
ஆண்டுப் பராமரிப்பு வாடிக்கையாளர்,
வடவள்ளி, கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
தோட்டப் பராமரிப்பு நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பொருள்: மார்ச் முதல் மே வரையிலான புல்தரைப் பராமரிப்புக்கு ஒப்பந்தத்துக்கு மாறாகக் கட்டணம் கேட்டிருப்பது – திருத்திய பில் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் வீட்டின் முன்புறம் உள்ள கொரியன் புல்தரையைப் பராமரிப்பதற்காகக் கடந்த பிப்ரவரி இறுதியில் உங்கள் நிறுவனத்துடன் ஓராண்டு ஒப்பந்தம் செய்துகொண்டேன். சதுர அடிக்கு மாதம் 2 ரூபாய் வீதம் 1,200 சதுர அடிக்கு 2,400 ரூபாய், அத்துடன் ஜி.எஸ்.டி. என்று உங்கள் மேற்பார்வையாளர் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்த மதிப்பீட்டுத் தாள் என்னிடம் இருக்கிறது. புல் வெட்டுதல், ஓரம் சீர்செய்தல், களையெடுத்தல், உரமிடுதல், வெட்டிய புல்லை அப்புறப்படுத்துதல் ஆகிய அனைத்தும் இந்தத் தொகைக்குள் அடங்கும் என்பதும், மேல்மண் பரப்புவதும் பூச்சிமருந்து இடுவதும் மட்டுமே தனிக் கட்டணத்துக்கு உரியவை, அவற்றையும் என் ஒப்புதல் பெற்ற பிறகே செய்வீர்கள் என்பதும் அதே தாளில் உள்ளன. ஆனால் மூன்று மாதப் பணிக்கு இப்போது வந்திருக்கும் பில் 28,322 ரூபாய். நான் கொடுத்த முன்பணம் 10,000 போக, மீதி 18,322 ரூபாயை உடனே செலுத்தும்படி கேட்டிருக்கிறீர்கள்.

புல்தரை வைத்திருப்பவன் அதற்குச் செலவழித்துத்தான் ஆக வேண்டும் என்பதை நான் அறிவேன். எங்கள் தெருவுக்குத் தனியாக வரும் தோட்டக்காரர் அரை நாள் வேலைக்கு 600 ரூபாயும் புல்வெட்டும் எந்திரத்துக்குத் தனி வாடகையும் வாங்குகிறார். கொரியன் புல் மெதுவாக வளர்வது என்பதால், கோடையில் மாதம் ஒரு முறை அவரை அழைத்தாலே போதும். அதைவிடக் கூடுதலான தொகைக்கு உங்களிடம் நான் வந்தது, எந்திரத்தையும் ஆட்களையும் நீங்களே கொண்டுவருவீர்கள், எந்த மண்ணுக்கு எந்த உரம் என்று தெரிந்து இடுவீர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஆண்டுக்கு என்ன செலவாகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில்தான். கட்டணம் அதிகம் என்பது என் புகார் அன்று. சொன்ன கட்டணம் ஒன்று, கேட்கும் கட்டணம் வேறொன்று என்பதே என் புகார்.

முதலில் பரப்பளவு. பில்லில் புல்தரை ‘4 சென்ட்’ என்று காட்டப்பட்டு, மாதக் கட்டணம் 3,484 ரூபாயாகக் கணக்கிடப்பட்டுள்ளது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. எனவே நான்கு சென்ட் என்பது 1,742 சதுர அடி. மனையின் முன்பகுதி முழுவதையும், அதாவது கார் நிறுத்தும் தளம், கல் பாவிய நடைபாதை, இரண்டு தென்னைகளின் வட்டப்பாத்தி ஆகியவற்றையும் சேர்த்து அளந்தால்தான் இந்த எண் வரும். சிமென்ட் தளத்தில் புல் வெட்ட எவருக்கும் கூலி தருவதில்லை. புல் இருக்கும் இடம் 1,200 சதுர அடி, அதாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் சென்ட் என்பதை உங்கள் மேற்பார்வையாளரே டேப் பிடித்து அளந்து எழுதியிருக்கிறார். இந்த ஒரு மாற்றத்தால் மட்டும் மூன்று மாதங்களுக்கு 3,252 ரூபாய் கூடுதலாகியிருக்கிறது.

அடுத்தது மேல்மண். செம்மண், ஆற்று மணல், மக்கிய தொழுஉரம் கலந்த கலவையை யூனிட் 6,000 ரூபாய் வீதம் பரப்புவதற்கு மே மாதத்தில் நான் ஒப்புக்கொண்டது உண்மை. ஆனால் ஒன்றரை யூனிட் பரப்பியதாகக் கூறி 9,000 ரூபாய் கேட்டிருப்பதை எந்தக் கணக்கைக் கொண்டும் ஏற்க இயலாது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. புல்தரைக்கு அரை அங்குல கனத்தில் மேல்மண் பரப்புவதே வழக்கம்; உங்கள் ஆட்களும் அப்படித்தான் செய்வதாகச் சொன்னார்கள். 1,200 சதுர அடியில் அரை அங்குலம் பரப்ப 50 கன அடி, அதாவது அரை யூனிட் போதும். ஒன்றரை யூனிட்டையும் கொட்டியிருந்தால் ஒன்றரை அங்குல மண் ஏறியிருக்கும். ஒட்ட வெட்டப்பட்டிருந்த கொரியன் புல் நுனிகூடத் தெரியாமல் புதைந்திருக்கும். பரப்பிய மறுநாளே புல் நுனிகள் மண்ணுக்கு மேல் தெரிந்ததைத் தேதியுடன் கூடிய படங்கள் காட்டுகின்றன. ஆகவே இந்த வகையில் நான் தர வேண்டியது 3,000 ரூபாய்தான்.

உரத்துக்கு 950 ரூபாயும், புல் கழிவை அகற்றுவதற்கு மாதம் 600 வீதம் 1,800 ரூபாயும் தனியே சேர்க்கப்பட்டுள்ளன. இரண்டுமே மாதக் கட்டணத்துக்குள் அடங்கியவை என்பதால் இவற்றைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஆனால் அந்த உரத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. பெயரோ அளவோ அச்சிடாத பிளாஸ்டிக் பையில் கொண்டுவரப்பட்ட வெள்ளைக் குருணை யூரியா என்று உங்கள் பணியாளரே கூறினார். மானிய விலையில் 45 கிலோ யூரியா மூட்டை 300 ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கிறது. அந்த மானியம் விவசாயிக்கு உரியது, வீட்டுப் புல்தரைக்கு அன்று. விலையைவிட அதை இட்ட விதமே என்னை அதிகம் வருத்துகிறது. 46 விழுக்காடு தழைச்சத்து கொண்ட உரத்தை, மே மாத நண்பகல் வெயிலில், காய்ந்த தரையில் கைப்பிடி கைப்பிடியாக வீசிவிட்டு, தண்ணீர் பாய்ச்சாமலே ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். அதற்கு முந்தைய வெட்டில், ஒரு முறைக்கு இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்ற அடிப்படை விதியையும் மீறி, தண்டு தெரியும் அளவுக்குப் புல் வெட்டப்பட்டிருந்தது. விளைவாக, நடைபாதையை ஒட்டிய 200 சதுர அடி கருகிப்போய், இப்போது அங்கே கோரை மட்டுமே செழித்து நிற்கிறது.

பூச்சிமருந்துக்கு 1,800 ரூபாய் கேட்டிருக்கிறீர்கள். இதற்கு என் ஒப்புதல் பெறப்படவில்லை என்பது ஒருபுறம் இருக்க, இட்ட மருந்து எது என்பதே பில்லில் இல்லை. ‘குருணை மருந்து’ என்று மட்டும் இருக்கிறது. குருணை மருந்து என்ற பெயரில் நெடுங்காலம் புழங்கிய ஃபோரேட், 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது என்பதைத் தொழில்முறை நிறுவனமான நீங்கள் அறியாமல் இருக்க முடியாது. என் பேரக்குழந்தைகள் வெறுங்காலுடன் விளையாடும் தரை அது. மருந்தின் வேதிப்பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், இட்ட அளவு ஆகியவற்றை எழுத்துமூலம் தெரிவிக்கும்வரை இந்தத் தொகையைப் பற்றிப் பேசவே நான் ஆயத்தமாக இல்லை. பணத்துக்கு முன்பாக இந்தத் தகவல்தான் எனக்கு வேண்டும்.

பில்லில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. என 4,320 ரூபாய் சேர்த்திருக்கிறீர்கள். ஆனால் 15 இலக்கப் பதிவு எண் எங்கும் அச்சிடப்படவில்லை. பதிவு பெறாத ஒருவர் இந்த வரியை வசூலிக்கச் சட்டம் இடம் தரவில்லை. பதிவு பெற்றிருந்தால் முறையான வரி விலைப்பட்டியலைத் தருவதில் உங்களுக்குத் தடை ஏதும் இருக்காது.

இவற்றைத் தொலைபேசியில் கேட்டபோது, ஒப்பந்தத்தை முறித்தால் எஞ்சிய ஒன்பது மாதக் கட்டணத்தில் பாதியாகிய 10,800 ரூபாயைச் செலுத்த நேரிடும் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். மதிப்பீட்டுத் தாளில் இல்லாத இந்த நிபந்தனை எப்போது பிறந்தது என்று தெரியவில்லை. ஏற்பட்ட இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை நுகர்வோர் மீது சுமத்தும் நிபந்தனையை நியாயமற்ற ஒப்பந்தமாகவே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரையறுக்கிறது.

என் கணக்கின்படி மூன்று மாதப் பராமரிப்புக்கு 7,200 ரூபாய், மேல்மண்ணுக்கு 3,000 ரூபாய், இவற்றுக்கான வரி 1,836 ரூபாய், ஆக மொத்தம் 12,036 ரூபாய். முன்பணம் போக 2,036 ரூபாய் நான் தர வேண்டியிருக்கிறது. பதிவு எண்ணுடன் திருத்திய பில் வந்த அன்றே அதைச் செலுத்திவிடுகிறேன். கருகிய 200 சதுர அடியில் கோரையைக் கிழங்கோடு அகற்றி, உங்கள் செலவில் புதிய கொரியன் புல் பதித்துத் தர வேண்டும். வேலைக்கு வந்த பணியாளர்கள் மீது எனக்குக் குறை இல்லை. சொல்லிக் கொடுத்ததை அவர்கள் செய்தார்கள். ஆகையால் இந்தத் தொகையை அவர்கள் கூலியில் பிடித்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டுகிறேன். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வதோடு, கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையும் அணுகுவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: மதிப்பீட்டுத் தாளின் நகல், பில்லின் நகல், முன்பண ரசீதின் நகல், புல்தரையின் படங்கள்.