ஒற்றைச் செருப்புக் கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானியரின் ஒழுக்கத்தைப் பாராட்டிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் அந்த ஒற்றைச் செருப்புக் கதை மறுபடியும் தலைகாட்டியிருக்கிறது. ஜப்பானில் செருப்புத் தொழிலாளிகள் வேலையை நிறுத்தாமல், ஒரு காலுக்கான செருப்பை மட்டும் செய்து குவித்துப் போராடினார்களாம். நான் தொழிற்சங்கத்தில் இருந்த காலத்தில், சம்பளப் பேச்சுவார்த்தை என்றாலே நிர்வாகத் தரப்பில் யாராவது இதை எடுத்துவிடுவார்கள். எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

நிஜமான ஜப்பானில், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு நீக்கியதை எதிர்த்து 1960இல் மியிக்கே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் மாதக்கணக்கில் போராடினார்கள். மறியலில் நின்ற ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து எழுந்த கொந்தளிப்பில், அந்நாட்டு அதிபர் ஐசன்ஹோவரின் வருகையே ரத்தானது. சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது மியிக்கே இருக்கும் அதே கியூஷு தீவில், மினமாட்டாவில் நடந்ததை.

சிஸ்ஸோ என்ற ரசாயனக் கம்பெனி ஆலையின் பாதரசக் கழிவு கடலில் கலந்து, மீன் தின்றவர்களின் நரம்பைத் தின்ற கதை பலருக்குத் தெரியும். 1956 மே மாதம் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. 1959 அக்டோபரில், கம்பெனி மருத்துவமனையின் டாக்டர் ஹொசொகவாவே ஆலைக் கழிவைத் தீனியில் கலந்து கொடுத்துவந்த பூனைக்கு அதே நோய் வந்தது. நிர்வாகம் அதை வெளியே விடவில்லை. டிசம்பரில், இறந்தவருக்கு 3 லட்சம் யென் என்று 'ஆறுதல் தொகை' பேசி ஒப்பந்தம் போட்டது. நாளைக்கே ஆலைக் கழிவுதான் காரணம் என்று தெரியவந்தாலும் மேற்கொண்டு இழப்பீடு கேட்கக் கூடாது என்று அதில் ஒரு ஷரத்து! எத்தனையோ ஒப்பந்தங்களை வரிவரியாகப் படித்தவன் நான்; இப்படி ஒன்றைக் கண்டதில்லை. அந்த ஒப்பந்தம் செல்லாது என்று நீதிமன்றம் சொல்ல 1973 ஆனது.

அந்த 1959 நவம்பரில் மீனவர்கள் ஆலைக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். வழக்கும் தண்டனையும் அவர்களுக்குத்தான். சில நாளில் மேயர், வணிகர்கள் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் ஆளுநரிடம் போய், கழிவுநீரை நிறுத்தச் சொல்லாதீர்கள், ஆலை நின்றால் ஊர் பிழைக்காது என்று மனு கொடுத்தார்கள். அவர்களோடு ஆலையின் தொழிற்சங்கமும் போனது. கட்டுரையாளர் மெச்சுகிற அடக்கம் அன்று நோயாளிகளிடம்தான் கேட்கப்பட்டது: ஊரின் பேரைக் கெடுக்காமல் சும்மா இருங்கள்.

அப்புறம் 1962இல் சம்பளப் பிரச்சினையில் சங்கமே நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் போனது. கம்பெனி ஆதரவுச் சங்கம் ஒன்று முளைத்தது. பழைய சங்கத்திலேயே நின்றவர்கள் பழிவாங்கப்பட்டார்கள். கம்பெனி யார் என்பது அப்போது அவர்களுக்கே உறைத்தது. 1968 ஆகஸ்டில் அந்தப் பழைய சங்கம் ஒரு தீர்மானம் போட்டது: மினமாட்டா நோயை எதிர்த்து நாங்கள் இதுவரை போராடாமல் இருந்தது மனிதர்களாகவும் தொழிலாளிகளாகவும் எங்களுக்கு வெட்கம் என்று. அதன் பிறகு உறுப்பினர்கள் நோயாளிகளின் வழக்கில் கம்பெனிக்கு எதிராகச் சாட்சிக் கூண்டு ஏறினார்கள். சம்பளம் வாங்குகிற இடத்துக்கு எதிராகச் சாட்சி சொல்வது என்றால் என்ன என்பது ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குப் புரியும். தன் தவற்றை இப்படிப் பகிரங்கமாக எழுதிவைத்த சங்கம் வேறெதையும் எனக்குத் தெரியாது. எங்கள் சங்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இது முடிந்துபோன விஷயமும் இல்லை. நோயாளி என்ற அங்கீகாரம் கேட்டு இன்னும் வழக்குகள் நடக்கின்றன. 2024 மே 1 அன்று சுற்றுச்சூழல் அமைச்சர் மினமாட்டாவில் பாதிக்கப்பட்டோரைச் சந்தித்தார். ஆளுக்கு 3 நிமிடம். இறந்துபோன மனைவி பட்ட பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்த முதியவரின் மைக்கை, நேரம் முடிந்தது என்று அதிகாரிகள் அணைத்துவிட்டார்கள். ஒரு வாரம் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு அமைச்சர் திரும்பவும் மினமாட்டாவுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

ஜப்பான் பற்றி இன்னும் கட்டுரைகள் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். 1968 தீர்மானத்தை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி,
அம்பத்தூர்.